அறுபது நாற்றும் பன்னிரண்டு முட்டைக்கோஸும்

நாற்றுக்கார முதோமியிடம் கனானா வைத்த கடன் நானூற்று எண்பது ஷில்லிங். அறுபது நாற்று, ஒன்று எட்டு ஷில்லிங். எல்லாம் பேபி பிராக்கோலி, கோஸ் ஜாதிதான். தட்டைத் தலையில் சுமந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, அவள் புருஷன் கபேரியா ஆட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். எழுந்து தட்டை எட்டிப் பார்த்தான். விரல் நீளத் தண்டு, மேலே நாலே இலை.

"என்ன கின்யா அம்மா, பல்லு குத்தவா இத்தனை?" என்றான், மகள் பேரைச் சொல்லி.

"உங்க பல்லுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. மிச்சத்த நடணும்."

"எங்க நடப் போறே?"

"தண்ணித் தொட்டி பக்கத்துல இருக்கிற பாதியில."

அந்தப் பாதியில் கபேரியா பதினாலு வருஷமாக முட்டைக்கோஸ் போட்டவன். திமாவ் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குவது அவன் வேலை, ஆனால் யாராவது கேட்டால் கோஸ்காரன் என்றுதான் சொல்லிக்கொள்வான். கனானா பத்து வருஷமாகக் கம்பெனித் தோட்டத்தின் குளிர்க் கொட்டகையில் நின்று, சீமைக்குப் போகிற பிராக்கோலித் தண்டுகளைப் பத்துப் பத்தாகக் கட்டுகிறாள். சாயங்காலம் வீடு வந்தால் விரல் மடங்காது. ஊரார் கட்டைக் கட்டிய கை, ஒரு தரமாவது தன் கட்டைக் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டது. இத்தனை வருஷத்தில் அவள் புருஷனிடம் கேட்டது இந்தப் பாதி நிலம் ஒன்றைத்தான்.

அது கபேரியாவுக்கும் தெரியும். ஆனால் வாய் சும்மா இருக்காதே. கடன் கணக்கு எழுத வந்த முதோமியை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டான். "முதல் அறுப்பு அன்னைக்கே கடனை அடைச்சிட்டா அந்தப் பாதி உனக்கே. அடைக்கலேன்னா என் கோஸ் திரும்பி வந்துரும்."

முதோமியும் கபேரியாவும் ஒரே வருஷம் சுன்னத்துக் கத்திக்கு உட்கார்ந்து ஆம்பிளையான கூட்டாளிகள். அந்த ஊர் வழக்கப்படி, அப்படிப்பட்டவர்கள் ஒருவனை ஒருவன் என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ள முடியாது. "நான் சாட்சிடா," என்றான் முதோமி. "உன் வாய்க்கு எப்பவும் ஒரு சாட்சி வேணும்."

கனானா கயிறு பிடித்து, முழங்கால் அளவு தள்ளித் தள்ளி நட்டாள். புழு அண்டாமல் ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் அடுப்புச் சாம்பல் தூவினாள்.

"இவ்வளவு தள்ளியா நடுவாங்க?" என்றான் கபேரியா. "ஒண்ணோட ஒண்ணு பேசணும்னா கத்தணுமே."

"நம்ம வீட்டுல கிட்ட கிட்ட இருந்து பேசறதுதான் பார்க்கறேனே."

ஏழு வாரத்தில் செடிகள் இடுப்பில் கைவைத்து நிற்கிற மாதிரி நின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் பத்து ஷில்லிங் காசு அளவில் ஒரு பச்சைத் தலை. கபேரியாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இன்னும் ஒரு மாதம் விட்டால் குழந்தைத் தலை அளவு வரும் என்று கணக்குப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போகிற கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், கனானா கத்தியோடு குனிந்து அறுபது தலையையும் வரிசையாக வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

"ஏய், ஏய்! பூவும் பிஞ்சுமா இருக்கிறதக் கழுத்தறுக்கறியே!"

"பொறுத்துப் பாருங்க."

"எதைப் பார்க்கறது? முண்டத்தையா?"

என்ன வரப் போகிறது என்று அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். ஏழு வாரம் கேலி கேட்டவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை. அவனும் கேட்டிருக்கலாம். கோஸ்காரன் போய்க் கேட்பானா? அந்தக் கம்பெனி வாசலில் பையைத் தடவிப் பார்த்துத்தான் ஆளை வெளியே விடுவார்கள். பத்து வருஷத்தில் ஒரு தண்டுகூட வீட்டுக்கு வந்ததில்லை. விளைந்த பேபி பிராக்கோலி எப்படி இருக்கும் என்று கபேரியா கண்ணால் கண்டதே இல்லை.

கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் சொன்னான். "எங்க வீட்டுல அறுபது பேருக்குச் சாவு. ஒருத்தருக்கும் தலை இல்லே." எல்லாரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் கனானா பின்னால் நிற்கிறாள். அவள் சிரிக்கவில்லை. தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்துபோனாள்.

அன்றைக்கே கபேரியா முடிவு செய்துவிட்டான். என்ன செய்தாவது இந்தச் செடிகளைத் தேற்றிவிட வேண்டும். ஆனால் அவள் கண்ணில் படக் கூடாது, பட்டால் மானம் போய்விடும்.

மூன்று வாரம் போயிற்று. வியாழக்கிழமை விடிகாலை அவள் கம்பெனி லாரி ஏறியதும் பாத்திக்குள் நுழைந்தான். பார்த்தால் ஒவ்வொரு செடியிலும் இலை இடுக்கில் ஐந்து ஆறு கிளை, சாண் நீளத்துக்கு, நுனியில் பொடிப் பொடியாய் மொட்டு. அவனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஆலங்கட்டி மழையில் தலை ஒடிந்த கோஸும் இப்படித்தான் கண்ட இடத்தில் துளிர்க்கும். அப்படியே விட்டால் ஒன்றும் உருப்படாது. தடித்த கிளை ஒன்றை விட்டு மற்றதை எல்லாம் கிள்ளிவிட்டால், சத்து முழுக்க அதற்கே போய்த் தலை கட்டும். எத்தனை கோஸை அப்படிக் காப்பாற்றியிருக்கிறான்!

வியாழன் பாதி, வெள்ளி பாதி. அவள் திரும்பும்போது இருட்டிவிடும், பாத்திப் பக்கம் வர மாட்டாள். கட்டைவிரல் நகம் பச்சையாகும்வரை கிள்ளினான். கிள்ளியதை வீணாக்குவானேன் என்று ஆட்டுக்குப் போட்டான். ஆடு தலை நிமிராமல் தின்றது. மூட்டை தூக்கப் போகும்போது கபேரியாவுக்குச் சீட்டி வேறு வந்தது.

சனிக்கிழமை கனானாவுக்கு லீவு. நன்யுக்கி டவுன் விடுதிகளுக்குக் காய்கறி எடுக்கிற பிக்கப் வண்டி எட்டு மணிக்கு வரும், அதற்குள் அறுக்க வேண்டும். கடன் வசூலிக்க முதோமி ஏழு மணிக்கே வந்து முற்றத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டான். கனானா ஆட்டுப் பாலில் டீத்தூள் போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தாள்.

முதோமி ஒரு வாய் குடித்தான். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனான்.

"கின்யா அம்மா, டீயா இது, கோஸ் வேகவெச்ச தண்ணியா?"

அவளும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கபேரியாவைப் பார்த்தாள். அவன் டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"ஆட்டுக்கு என்ன போட்டீங்க?"

"புல்லுதான்."

"புல்லு மட்டுமா?"

"கொஞ்சம்... அந்த வேண்டாத கிளையெல்லாம்."

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பாத்திக்கு ஓடினாள். இரண்டு ஆண்களும் பின்னால் போனார்கள். செடிக்கு ஒரு கிளை. அறுபது செடி, அறுபதே கிளை. கொடிக்கம்பம் நட்ட மாதிரி நின்றன.

விஷயம் புரிந்த மாத்திரத்தில் முதோமி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய், அந்தக் கிளைதாண்டா அறுப்பு! அது வரத்தான் தலையை வெட்டறது, வெட்ட வெட்டத் துளிர்க்கும். நீ வெள்ளாமையை ஆட்டுக்குப் போட்டுட்டு வெறுங்குச்சியைக் காவல் வெச்சிருக்கே."

கனானா கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள். அழப் போகிறாள் என்று கபேரியா நினைத்தான்.

"கின்யா அப்பா," என்றாள், "நீங்க கேலி பண்ணினவரைக்கும் செடி நல்லாத்தான் இருந்துச்சு. உதவி பண்ண ஆரம்பிச்சீங்க, போச்சு."

"தேறட்டும்னுதான்..."

"தேறிடுச்சு, உங்க ஆடு."

சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்து, இருக்கிற அறுபதையும் அறுத்தாள். வேகம் குறையாமல் பத்துப் பத்தாகக் கட்டினாள். ஆறு கட்டு. அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தது முப்பது கட்டுக்கும் மேல். பிக்கப்காரி கட்டு இருபது ஷில்லிங் என்று நூற்றி இருபதை எண்ணிக் கொடுத்தாள். கனானா அதை அப்படியே முதோமியிடம் நீட்டினாள். கண் மட்டும் தண்ணித் தொட்டிப் பக்கம் போய் வந்தது.

"முன்னூத்தி அறுபது பாக்கி," என்றான் முதோமி. அப்புறம் கூட்டாளியின் பக்கம் திரும்பினான். "கோஸ்காரரே, பேச்சு என்ன? அடைக்கலேன்னா நிலம் உனக்கு. சாட்சி சொல்லட்டுமா?"

கபேரியா வீட்டுச் சுவரில் சொருகியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு மறுபாதியில் இருந்த தன் கோஸ் பாத்திக்குள் இறங்கினான். இன்னும் இரண்டு வாரம் விட்டால் ஒன்று ஐம்பதுக்குப் போகும் என்று ஊரெல்லாம் பெருமையடித்த கோஸ். பெரியதாகப் பார்த்துப் பன்னிரண்டு வெட்டினான். பிக்கப்காரி ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, "இன்னும் இறுகலையே. முப்பதுக்கு மேல ஒரு காசு தர மாட்டேன்," என்றாள்.

"எடுத்துக்க."

அவன் பேரம் பேசாமல் விற்றதை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.

முன்னூற்று அறுபதை முதோமியின் கையில் வைத்தான்.

"கடன் அவளுது. நீ ஏன்டா குடுக்கறே?"

"தின்னது என் ஆடு."

"ஆட்டைச் சொல்லாத. அது போட்டதத் தின்னுச்சு."

"சரி, என்னைத்தான் சொல்றேன். போதுமா?"

கனானா இடுப்பில் கைவைத்து நின்று கேட்டாள். "அப்போ அந்தப் பாதி?"

"அடைச்சாச்சுல்ல? உன்னுதுதான். செடி மறுபடி துளிர்க்குமாம், முதோமி சொல்றான். இனி நான் ஆட்டை அந்தப் பக்கம் விட மாட்டேன்."

"ஆடு எங்க வேணா மேயட்டும். நீங்க அந்தப் பக்கம் வராதீங்க."

முதோமி சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தான். பென்சில் முனையை நாக்கில் தொட்டு, கனானா, அறுபது நாற்று, நானூற்று எண்பது என்று எழுதியிருந்த வரியின்மேல் ஒரே கோடாக இழுத்தான்.