ஜெஸ்டன் கட்டிய கெர்னல்

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் நானும் ஜெஸ்டனும் வேலை பார்த்தோம். இருந்தது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். எந்தச் சிஸ்டத்தைப் போட்டாலும் திணறியது. அதனால் ஜெஸ்டன் ஒரு பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து மூல நிரல்களை எடுத்து, வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக மெஷினுக்குப் புரியும்படி கம்பைல் செய்து, லினக்ஸ் சிஸ்டத்தை அடியிலிருந்து கட்டினான். ஒன்றைத் தொட்டால் அதற்கு முன்னால் வேறொன்று வேண்டும் என்று நின்றுவிடும். எது இல்லை என்று திரையில் வரும் வரியை நான் வாசிப்பேன். அவன் அதைத் தேடி எடுப்பான். நாங்கள் பேசியதில் பெரும்பகுதி இப்படித் தேடிய பாக்கேஜ்களின் பெயர்கள்தான்.

2004 ஆகஸ்டில், வேலை முடிந்து மாதனூரில் வீட்டுக்குப் போகும்போது, ஹைவேயில் லாரி மோதி இறந்துபோனான்.

அவனுடைய அம்மா ஜெபகனி எங்கள் கம்பெனியில்தான் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் பிரிவில் இருந்தார். அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, ஏசிக்காக அவன் வைத்திருந்த ஸ்வெட்டரை எடுத்துப்போக எங்கள் அறைக்கு வந்தார். எனக்கு ஆறுதலாகப் பேசத் தெரியாது. கீபோர்டில் ஒரு கட்டளையை அடித்தேன். கெர்னல் என்பது சிஸ்டத்தின் மையம். அதைக் கட்டியவர் பெயரையும் கட்டிய தேதியையும் அது தனக்குள் வைத்திருக்கும். ஜெஸ்டன் பெயர் திரையில் வந்தது. அவர் ஸ்வெட்டரை மறந்துவிட்டு நின்றார்.

அதற்குப் பிறகு தினமும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மணி அடிப்பதற்குள் வந்துவிடுவார். கம்ப்யூட்டர் எழும்வரை வாசலில் நிற்பார்.

"வந்துட்டானா எப்சி?"

"வந்துட்டாரு ஆன்ட்டி."

பார்த்துவிட்டுத் தையல் லைனுக்குப் போவார்.

பிப்ரவரியில் எங்கள் ஷூவை வாங்கும் ஜெர்மனி பார்ட்டி பெட்டிகளில் பார்கோடு ஸ்டிக்கர் கேட்டது. மேனேஜர் வாஹித் பாஷா புதிய பிரிண்டர் வாங்கிவந்தார். எங்கள் சிஸ்டத்துக்கு அது தெரியவில்லை. இந்த மெஷினால் பேஜார்தான், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்றார். நானே சரிசெய்கிறேன் என்றேன்.

"நீ பேசுவியா? இத்தினி நாளா தெரியாம போச்சே" என்று சிரித்தார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

பிரிண்டர் மென்பொருளுக்கு ஒரு புதிய லைப்ரரி, அதாவது அது சார்ந்து ஓடும் துணை நிரல் தொகுப்பு, வேண்டியிருந்தது. அதற்கு எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சி லைப்ரரி புதிதாக வேண்டும். அதற்குப் புதிய கெர்னல். அடியை மாற்றினால் மேலே நிற்பதையெல்லாம் திரும்பக் கட்ட வேண்டும். சில வாரங்களாக, ஜெஸ்டன் கட்டியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைத்தேன். எது இல்லை என்று வரும் வரியை நானே வாசித்து நானே தேடினேன். அவனுடைய கெர்னலை மட்டுமாவது ஓரமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். புதிய லைப்ரரியோடு அது எழவில்லை.

மெஷினைக் காப்பாற்றினால் அவன் பெயர் போய்விடும். காலையில் வாசலில் வந்து நிற்பவருக்கு நான் எதைக் காட்டுவது?

கட்டுகிறவர் பெயரை எடுக்கும் சிறு நிரலைத் திறந்து, அங்கே ஜெஸ்டன் என்று எழுதினேன். பிறகு கெர்னலைக் கட்டினேன்.

மறுநாள் ஜெபகனி ஆன்ட்டி வந்தார். கம்ப்யூட்டர் எழுந்தது. கட்டளையை அடித்தேன். பெயர் வந்தது.

ஆனால் அவர் கண் பெயரோடு நிற்கவில்லை. லைனில் அவருடைய வேலை, அப்பர் கட்டுகளை எந்தத் தேதியில் தைத்த லாட் என்று பார்த்துப் பிரிப்பது. இத்தனை நாளும் அந்த வரியின் கடைசிவரை படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"தேதி மாறியிருக்குதே" என்றார்.

அந்த வரியின் கடைசியை விரலால் தொட்டார்.

"மார்ச்சு போட்டுருக்குது. அவன் ஆகஸ்ட்லயே போய்ட்டானே கண்ணு."

பிரிண்டருக்காக எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பெயரை நான்தான் போட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை அந்த வரியைப் படித்தார். அவன் செய்தது எதுவும் இதற்குள் மிச்சம் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"போச்சுன்னா போச்சுன்னு சொல்லிடும்மா. நானும் வராம இருந்துக்குவேன்."

மணி அடித்தது. போய்விட்டார்.

அன்றைக்கே நிரலைப் பழையபடி ஆக்கிக் கெர்னலை மறுபடி கட்டினேன். அதில் என் பெயர் வந்தது. மாலையில் முதல் ஸ்டிக்கர் சுருள் வெளியே வர, வாஹித் பாஷா தன் கையாலேயே கிழித்து ஒரு பெட்டியில் ஒட்டிப் பார்த்தார். இனிமேல் இந்த மெஷினில் எது கெட்டாலும் உன்னைத்தான் கேட்பேன் என்றார். சரி என்றேன்.

மறுநாள் காலை மாதனூரிலிருந்து கம்பெனி பஸ் வந்து நின்றது ஜன்னலில் தெரிந்தது. ஜெபகனி ஆன்ட்டி டிபன் பையோடு இறங்கி, மற்ற பெண்களோடு நேராக லைனுக்கு நடந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை. கம்ப்யூட்டர் எழுந்து காத்திருந்தது. அந்தக் கட்டளையை நான் அடிக்கவில்லை.