திங்கள் எட்டரைக்கு வரச் சொன்ன மின்னஞ்சல்

கொக்குவிலில் இருந்த அந்த மென்பொருள் நிறுவனத்திலிருந்து கஜந்தினிக்கு மின்னஞ்சல் வந்தது ஒரு வியாழக்கிழமை. அவள் விண்ணப்பித்திருந்த வேலைக்குத் தெரிவாகிவிட்டதாகவும், திங்கள் காலை எட்டரைக்குக் கடமையேற்க வரவேண்டுமென்றும் எழுதியிருந்தது. நம்பமுடியாமல், உண்மைதானா என்று திருப்பிக் கேட்டாள். ஒரு நிமிடத்துக்குள் ‘உறுதி’ என்று பதில் வந்தது. நான்கு வருடம் வேலைபார்த்த அச்சுவேலி மருந்துக்கடையில் மறுநாளே விலகல் கடிதம் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை உடுவிலிலிருந்து ஸ்கூட்டியில் போய் இறங்கியவளை, ஆட்களை எடுக்கும் முகாமையாளர் ஜெயசுதன் முக்கால் மணி நேரம் காக்கவைத்தார்.

“உது கொம்பியூட்டர் தானா அனுப்பினது, தங்கச்சி. நாங்கள் ஒருத்தரையும் எடுக்கேல்லை.”

“நான் இருந்த வேலையை விட்டிட்டன், சேர்.”

“அதுக்கு நான் என்ன செய்யிறது? ஒரு மெயில் போட்டுவிடுங்கோ.”

கைபேசியிலிருந்து அவர் தலை நிமிரவேயில்லை.

மருந்துக்கடையில் அதற்குள் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். கஜந்தினி நிறுவனத்துக்கு ஏழு மின்னஞ்சல் போட்டாள். ஏழுக்கும் ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது’ என்ற ஒரே பதில். எட்டாவதில் வெறுத்துப்போய், ‘அப்ப நான் எப்ப வேலைக்கு வாறது?’ என்று எழுதினாள். உடனேயே வந்தது: திங்கள் காலை எட்டரைக்கு வரவும்.

பிழையைத் திருத்தக்கூட அந்த மனிதர் மினக்கெடவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

அடுத்த திங்கள் புது மாடியைத் திறக்க முதலாளியம்மா அற்புதராணி லண்டனிலிருந்து வருவதாக நிறுவனத்தின் முகநூலில் போட்டிருந்தார்கள். அதைக் கண்டதும் கஜந்தினி, தன்னோடு கணினி வகுப்புப் படித்தவர்களின் வட்ஸ்அப் குழுவில் எழுதினாள். அவர்களில் பலர் அங்கே விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தவர்கள்.

‘எப்ப வேலைக்கு வாறது எண்டு நான் கேட்டதையே நீங்களும் கேட்டு அனுப்புங்கோ. வேலை கிடையாது, சொல்லிப்போட்டன். ஆனா அந்தாள் எங்கடை முகங்களைப் பாக்கவேணும்.’

அதே பதில் கிடைத்த முப்பத்தெட்டுப் பேர் திங்கள் எட்டரைக்கு வந்தார்கள். வரவேற்பறை நிறைந்து வாசற்படி வரை நின்றார்கள். மாலையும் கையுமாக நின்ற ஜெயசுதனின் முகம் வெளிறியது. அற்புதராணி கஜந்தினியின் கைபேசியை வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

“இதுகளை ஆர் பாக்கிறது, ஜெயசுதன்?”

“அது... கொம்பியூட்டர் தானா...”

“அப்ப நீங்கள் என்னத்துக்கு?”

ஜெயசுதன் மாலையைப் பார்த்தபடி தலைகுனிவதைக் கஜந்தினி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை தருவதாக அற்புதராணி சொன்னபோது, “வேண்டாம், மேடம். இதைப் பாக்கத்தான் வந்தனான்,” என்றாள்.

இரண்டு மாதம் கழித்து ஜெயசுதன் அழைத்தார். அவள் அப்போது சுன்னாகத்தில் ஒரு பல் வைத்தியரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஜெயசுதனை நிறுவனம் வேலையால் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

“தங்கச்சி, எனக்கும் ரெண்டு பிள்ளையள். மேடத்திட்டை எனக்காக ஒரு வார்த்தை கதையுங்கோ.”

அவர் சொல்லி முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள். “ஓம், கேட்டிட்டன்,” என்று அழைப்பைத் துண்டித்தாள். இரக்கம் வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை. அன்று மத்தியானம் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.