கடைசி சீட்டு

பள்ளிக்கூட வண்டியில் உதவியாளாக இருந்தவனை எல்லாரும் 'டிகிரி' என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் வாங்கிவிட்டு வண்டிப் படியில் தொங்குகிறானே என்ற கிண்டல். அந்தப் பட்டத்தை நம்பித்தான் தலைமையாசிரியை புது ஆட்களைப் பழக்கும் வேலையை அவன் தலையில் கட்டினார். ஆயா, காவலாளி, வண்டி உதவியாள் என்று யார் புதிதாகச் சேர்ந்தாலும் பழைய ஆள் ஒருவர் துணை. ஒரு மாதம் கூடவே வைத்துப் பழக்க வேண்டும். யாருக்கு யார் என்பதை அவன்தான் முடிவு செய்தான்.

"இனிமே பெருக்குறதுக்கும் வாத்தியார் வெப்பீங்களாடா?" என்றார் டிரைவர்.

"உங்களுக்கும் ஒருத்தர் பாத்துட்டேண்ணே. பிரேக்க மெதுவா மிதிக்கக் கத்துக்குடுப்பாரு."

உதவியாளாகப் புதிதாக வந்த பெண்ணைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டான். "சொல்றத விட, செய்யறதப் பாத்துக்கம்மா" என்றான். அவள் பார்த்துக்கொண்டாள். அவன் விசில் ஊதுகிற விதம்கூட அவளுக்கு அப்படியே வந்துவிட்டது.

பிள்ளைகள் இறங்கியதும் கடைசி சீட்டு வரை நடந்து, குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். அவன் முன்படியில் நின்றபடியே கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பான்; இறங்கிவிடுவான். கடைசி சீட்டு அவன் மனைவியின் இடம். அதே வண்டியில் ஆயாவாக வந்துகொண்டிருந்தாள். அவள் செத்தபிறகு அந்தப் பக்கம் அவனுக்குக் கால் போகவில்லை.

மாதம் முடிந்ததும் அந்தப் பெண்ணை வேறு வண்டிக்குத் தனியாக அனுப்பினார்கள். ஒரு நாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு நிறுத்தியிருந்த அந்த வண்டிக்குள்ளிருந்து அழுகைச் சத்தம். காவலாளி ஓடிப்போய்த் திறந்தார். மழலையர் வகுப்புப் பிள்ளை ஒன்று கடைசி சீட்டுக்கு அடியில் தூங்கிப்போய், இப்போதுதான் விழித்திருந்தது. வேர்த்து நனைந்திருந்ததே தவிர, வேறு ஒன்றும் ஆகவில்லை.

தலைமையாசிரியை இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"கடைசி வரைக்கும் நடந்து பாக்கணும்னு உனக்கு யாரும் சொல்லலையா?"

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். "சொன்னாங்க மேடம். நான்தான் மறந்துட்டேன்."

"நாளைலேர்ந்து வராத." அவர் அவன் பக்கம் திரும்பினார். "அடுத்து வர்ற ஆளையும் நீங்களே பழக்குங்க. உங்கள மாதிரி பொறுப்பு எல்லாருக்கும் வராது."

"சரிங்க மேடம்" என்றது அவன் வாய்.

வெளியே குழாயடியில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"அது அண்ணி உக்காந்த எடம், அதான் நீங்க கடைசி வரைக்கும் போய்ப் பாக்குறதில்லன்னு டிரைவர் அண்ணன் மொத நாளே சொல்லிட்டாரு."

"தெரியும்ல? அப்ப நீயாவது போய்ப் பாத்திருக்கலாமே."

"உங்க முன்னாடி நான் போய்ப் பாத்தா குத்திக் காட்டுற மாதிரி ஆயிடுமேண்ணா. அப்படியே விட்டேன். அதே பழகிப்போச்சு." மூக்கை உறிஞ்சினாள். "பாப்பா உள்ள எவ்ளோ பயந்துருக்கும்."

தூங்கும் பிள்ளைகளை அந்தச் சீட்டடியிலிருந்து அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வருவதுதான் அவன் மனைவிக்கு வேலையாக இருந்தது. அவள் பேரைச் சொல்லித்தான் அவன் அதைச் செய்யாமல் விட்டிருந்தான். அவள் இருந்திருந்தால் மூஞ்சியிலேயே காறித் துப்பியிருப்பாள்.

திரும்பிப் போய்க் கதவைத் தட்டினான்.

"அந்தப் பொண்ணுக்கு நான் சொல்லிக்குடுக்கவே இல்ல மேடம். நான் நடந்து பாக்குறதில்ல. என்னைப் பாத்துத்தான் அது கத்துக்கிச்சு."

"எப்பலேர்ந்து பாக்குறதில்ல?"

"என் வீட்டுக்காரி போனதுலேர்ந்து."

தலைமையாசிரியையின் முகம் இளகியது. இத்தனை நாளும் அவன் எல்லார் முகத்திலும் பார்த்துப் பார்த்து, அதிலேயே குளிர் காய்ந்துகொண்டிருந்த அதே இளக்கம். இப்போது கூசியது.

"பாவம் பாக்காதீங்க மேடம். உள்ள குழந்தை கெடந்துது."

அவர், "அந்தப் பொண்ண வேலைக்கு வரச் சொல்லுங்க. நீங்க..." என்று நிறுத்திக்கொண்டார்.

அவன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தான். வெளியே வந்தான். அவள் இன்னும் குழாயடியிலேயே நின்றாள்.

"நாளைக்கு வந்துடும்மா" என்றான், தரையைப் பார்த்து. "கடைசி வரைக்கும் நடந்து பாரு."