பூட்டிய பாடங்கள்

கட்டிட வேலையில் சுண்ணாம்பு தெறித்து பீட்டருக்கு இரண்டு கண்ணும் போயிற்று. ஆறு மாதம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் மாகறல் கிராமத்து வீட்டிலேயே முடங்கிக் கிடந்தான். அப்படிப்பட்டவன் ஒருநாள் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதப்போவதாகச் சொன்னதும் தங்கை சோபியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஒரு பயிற்சி மையத்தின் ஆப்பில் பாடங்களை இறக்கிக்கொண்டான். போன் வாசிக்கும், அவன் கேட்பான். தை மாதம் அந்த மையத்தையே மூடிவிட்டார்கள். ஆப்பும் திறக்கவில்லை.

"பாடமெல்லாம் போன்லதானே கீது? அத்த எடுத்து வேற எதுலயாவது போடேன்" என்றான் பீட்டர்.

சோபியாவுக்கு உத்திரமேரூரில் ஒரு சின்ன ஆபீசில் வேலை. வெளியூர்ப் பதிப்பகங்களின் புத்தகங்களை ஈபப் என்கிற மின்புத்தகக் கோப்பாக மாற்றுவார்கள். ஈபப் ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமான முறை இல்லை. பூட்டுப் போடாமல் கொடுத்தால் எந்த போனிலும் திறக்கும். தலைப்பு தலைப்பாகத் தாவிக் கேட்கலாம். அண்ணனின் பாடங்களோ அந்த ஆப்புக்கு மட்டும் திறக்கிற மாதிரி பூட்டியிருந்தன. நான்கு நாள் முட்டிப் பார்த்துவிட்டு, முடியவில்லை என்று சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

தெரிந்த வாத்தியாரிடம் பரீட்சைக்கு வேண்டிய பள்ளிக்கூடப் புத்தகங்கள் பதினொன்று வாங்கிவந்தாள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து, கம்ப்யூட்டர் தப்பாகப் படித்த எழுத்துகளைத் திருத்தி, ஒவ்வொன்றாக ஈபப் ஆக்கினாள். 'ஏரி' எல்லாம் 'எரி' ஆகியிருக்கும். தப்பிப்போன பிழைகளை அண்ணன் காதால் கண்டுபிடித்துச் சொல்வான். சொல்லும்போது சில நாள் சிரிப்பான்.

பரீட்சைக்குள் ஏழு புத்தகம்தான் முடிந்தது. அவன் விடை சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். முடிவு வந்தபோது அவன் நம்பர் இல்லை.

மீதி நாலையும் நான் முடித்திருந்தால் நீ பாஸாகியிருப்பாய் என்று சோபியா அழுதாள்.

"அதுக்கில்ல சோபி" என்றான். "நான் கேட்ட புக்குலேர்ந்துதான் நெறைய வந்துச்சு. எனக்குத்தான் ஒண்ணும் மனசுல நிக்கல."

அவன் திட்டியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். அன்றைக்கே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

சோபியா புத்தக வேலையை நிறுத்தவில்லை. வைகாசிக்குள் மீதி நாலும் முடிந்தன. அம்மாவிடமிருந்த அவன் போனில் ஏற்றிக்கொண்டு போய் நீட்டினாள். அப்புறம் பார்க்கலாம் என்றான். அந்த அப்புறம் வரவே இல்லை.

பீட்டரோடு அதே அறையில் பரீட்சை எழுதிய தென்னேரிப் பரிமளா, அவளும் பார்வை இல்லாதவள், விஷயம் தெரிந்து சோபியாவிடம் அந்தப் புத்தகங்களைக் கேட்டாள். சோபியா பதினொன்றையும் அனுப்பிவைத்தாள். சாயங்காலமே பரிமளா போனில் கூப்பிட்டு, எல்லாம் திறக்கிறது, இரண்டு பாடம் கேட்டுவிட்டேன் என்றாள். பிறகு கேட்டாள்:

"உங்க அண்ணன் இப்போ எந்த புக்கு கேட்டுக்கினு கீறாரு?"

வாசலில் பீட்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் காதில் விழாதபடி சோபியா பின்கட்டுக்கு நகர்ந்தாள்.

"எட்டாவது புக்கு" என்று பொய் சொன்னாள்.