இரண்டு இடத்தில் லெசியெலி

ரோகிதேஷின் வரிக்கணக்கு அலுவலகத்தில் ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. எட்டாவதாக வந்தவர்கள் பக்கத்து இறைச்சிக் கடை வாசலில் நிற்க வேண்டியதுதான். அக்டோபர் கடைசி வாரம். முப்பத்தொன்றாம் தேதிக்குள் கணக்குக் கொடுக்காவிட்டால் அபராதம் என்பது மவுன்ட் ட்ரூயிட் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஜூலையிலேயே வந்துவிடுகிறவர்கள் பணம் திரும்பக் கிடைக்கிறவர்கள் மட்டும்தான். கட்ட வேண்டியவர்கள் கடைசி வாரம் வரைக்கும் வேறு வேலை இருப்பதுபோல் நடந்துகொள்வார்கள்.

லெசியெலிக்கு ஐந்தாவது நாற்காலி கிடைத்தது. முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் சீருடையை மாற்றாமல் நேராக வந்திருந்தாள். நீராவியில் வெந்து வெந்து விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் வருஷம் முழுவதற்குமான சம்பளச் சீட்டுகள், பெட்ரோல் ரசீதுகள், டேரனுக்குக் கொடுத்த வேலைப் பட்டியல்களின் நகல்கள்.

அவளுக்கு இரண்டு வருமானம். வார நாட்களில் சலவைக்கூடத்தில் சம்பளம். வரியை அவர்களே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் டேரன் என்ற ஒப்பந்தக்காரனுக்காக அலுவலகங்களைச் சுத்தம் செய்வாள். டேரன் யாரையும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. துடைப்பம் பிடிக்கிற ஒவ்வொருத்தியும் சொந்தமாக ஒரு தொழில் எண் வாங்கி, சொந்தத் தொழில் செய்கிறவளாக அவனிடம் வர வேண்டும். அப்படி வந்தால் அவன் வரி பிடிக்க வேண்டாம், விடுப்புத் தர வேண்டாம், ஓய்வூதியத்துக்குக் கட்ட வேண்டாம். லெசியெலி எட்டு வருஷமாகச் சொந்தத் தொழில் செய்கிறாள். அந்தத் தொழிலுக்கு இருக்கும் சொத்து ஒரு வாளியும் இரண்டு கையுறைகளும்தான்.

போன வருஷம் ஜூலையில் டோங்காவிலிருந்து அவளுடைய தங்கை லவினியா வந்தாள். ஒரு வருஷ விருந்தாளி விசா. வேலை செய்யக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தது. பத்தொன்பது வருஷமாக ஒருவரை ஒருவர் பார்க்காத அக்கா தங்கை. லெசியெலியின் கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது, மகன் பெர்த் பக்கம் சுரங்கத்தில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்வான். அந்த வீட்டில் இன்னொரு மனுஷி குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தமே லெசியெலிக்குப் பெரிய விஷயமாக இருந்தது. சலவைக்கூடத்திலிருந்து வரும்போது ஜன்னலில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுக் காரிலேயே ஒரு நிமிஷம் உட்கார்ந்திருப்பாள்.

லவினியாவால் இரண்டு வாரம்தான் சும்மா இருக்க முடிந்தது. ஊரில் புயல் கொண்டுபோன கூரைக்குத் தகரம் வாங்க வேண்டும். டேரனுக்கு ஒரு மாலில் வார நாட்களில் கழிப்பறை கழுவ ஆள் தேவைப்பட்டது. டோங்காவில் அக்காவின் பாவாடையைத் தங்கை கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டு போவாள். அக்காவும் எங்கே போயிற்று என்று தேட மாட்டாள். பெயரும் அப்படித்தான் போயிற்று. லெசியெலியின் பெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லவினியா மாலுக்குப் போனாள். இரண்டு பேருக்கும் முகச்சாடையும் ஒன்றுதான். டேரன் எதையும் கேட்கவில்லை. தெரிந்தும் கேட்காமல் இருக்கத் தனித் திறமை வேண்டும். அது அவனுக்கு நிறைய இருந்தது. பணம் லெசியெலியின் கணக்குக்கு வந்தது, லெசியெலி அதை அப்படியே தங்கை கையில் எண்ணிக் கொடுத்தாள். ஜூனில், விசா முடிய ஒன்பது நாள் இருக்கும்போதே, லவினியா ஒழுங்காக ஊர் திரும்பினாள். ஒழுங்காகத் திரும்பினால் மறுபடி விடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். செப்டம்பரில் மறுபடி விண்ணப்பித்துவிட்டு இப்போது பதிலுக்குக் காத்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர லெசியெலிக்கு இந்த வருஷம் வேறு வேண்டுதல் கிடையாது.

ரோகிதேஷ் பிஜிக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். டின்னைத் திறந்ததும் வழக்கமான கிண்டலைச் சொன்னான். தீவுக்காரர்களின் கணக்கு வழக்கெல்லாம் பிஸ்கட் வாசம் அடிக்கிறதாம், தேநீரோடு கொண்டுவந்தால் நன்றாக இருக்குமாம். லெசியெலி சிரித்தாள். பிறகு அவன் தட்டச்சு செய்யச் செய்ய அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்தில் நாற்பத்தெட்டாயிரம் டாலர். டேரனிடமிருந்து நாற்பதாயிரம். அவன் விசில் அடித்தான். அடேயப்பா, ஆன்ட்டி இந்த வருஷம் நன்றாக உழைத்திருக்கிறாரே என்றான். கட்ட வேண்டிய தொகை கீழே வந்து நின்றது. பன்னிரண்டாயிரத்து எழுநூறு.

லெசியெலிக்கு முதலில் அது யாருடைய கணக்கோ என்றிருந்தது. இத்தனை வருஷமும் வரி என்றால் அவளுக்கு இரண்டாயிரமோ இரண்டாயிரத்தைந்நூறோ கட்டச் சொல்வார்கள், அதற்கு மேல் போனதில்லை. லவினியா கையில் எண்ணிக் கொடுத்த பணத்துக்கும் இப்படி ஒரு வால் இருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்துப் பார்க்கவில்லை.

ரோகிதேஷ் இரக்கப்பட்டான். குறைக்க வழி இருக்கிறதா பார்க்கலாம் என்றான். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு நேராகக் காரில் போனால் அந்தப் பெட்ரோலைக் கழித்துக்கொள்ளலாம். அப்படிப் போன நாட்களை எண்ணுவதற்காகச் சலவைக்கூடத்தின் சம்பளச் சீட்டுகளை இடது பக்கமும் டேரனின் பட்டியல்களை வலது பக்கமும் வைத்து, தேதி தேதியாக விரலை ஓட்டினான். மால் வேலைப் பட்டியல்களை எழுதியவள் லவினியா. எதை எழுதினாலும் உள்ளதை எழுதுகிறவள். எத்தனை மணிக்குப் போனாள், எத்தனை மணிக்கு முடித்தாள் என்று ஒரு நாள் விடாமல், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். ரோகிதேஷின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஆன்ட்டி, மார்ச் பன்னெண்டு, புதன்கிழமை. காலைல ஆறுலேருந்து ரெண்டு வரைக்கும் துணி துவைச்சிருக்கீங்க. அதே நாள் ஏழுலேருந்து ஒண்ணு வரைக்கும் மால்ல கக்கூஸ் கழுவியிருக்கீங்க."

அவன் அடுத்த நாளைப் பார்த்தான், அதற்கடுத்த நாளையும். எல்லா வார நாளும் அப்படித்தான் இருந்தது.

"ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல எப்படி இருக்குறதுன்னு எனக்கும் கத்துக்குடுங்க. இந்த வாரம் எனக்கு ரொம்ப உதவும்" என்றான். சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். திரும்பி உட்கார்ந்தபோது குரலில் கிண்டல் இல்லை. அவளுடைய சொந்த உழைப்புக்கு மட்டும் என்றால் வரி மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும், மீதி வேறு ஒருத்தருடையது என்று காட்ட முடியும் என்றான். காட்டினால் அந்த ஒருத்தர் யார், எந்தப் பாஸ்போர்ட், எந்த விசா என்று கேள்வி வரும். ஒரு அலுவலகத்துக்குத் தெரிந்தது இன்னொரு அலுவலகத்துக்குத் தெரிய ரொம்ப நாள் ஆகாது.

"நீங்க ஒரு பேரைச் சொல்லிட்டா நான் கேட்டவன் ஆயிடுவேன். அப்புறம் எழுதித்தான் ஆகணும். அதனால வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடி வெளியில போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, ஆன்ட்டி."

அவள் டீ குடிக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்று தங்கைக்கு போன் செய்தாள். ஊரில் மாலை ஐந்து மணி. லவினியா எடுத்ததுமே விசாவைப் பற்றித்தான் ஆரம்பித்தாள். போதகர் கடிதம் கொடுத்துவிட்டார், அனுப்பியாயிற்று. கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டில் இருப்பேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாளாம், வராவிட்டால் இனி தெருவில் நடக்க முடியாதாம். பிறகு போனை எங்கோ உயர்த்திப் பிடித்தாள். தடதடவென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

"மழை. கேக்குதா அக்கா? ஒரு சொட்டு உள்ள வரல."

"கேக்குது."

"நீ ஏன் ஒரு மாதிரி இருக்க?"

"வரிக் கணக்குக் குடுக்க வந்தேன். கூட்டமா இருக்கு."

"என்னோடதுக்கும் சேத்துக் கட்டணுமா?" என்று கேட்டாள் லவினியா.

"கொஞ்சம்தான். நீ துணி எடுத்து வைக்கிற வேலையப் பாரு."

போனை வைத்த பிறகும் லெசியெலி அங்கேயே நின்றாள். பத்தாயிரம் டாலர் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். சலவைக்கூடத்தில் அது மூன்று மாதம். ஆனால் அவளுக்குத் தங்கை வேண்டும். அடுத்த அறையில் அவள் புரண்டு படுக்கிற சத்தம் வேண்டும், தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையை இன்னொரு தட்டிலும் போட வேண்டும், தன் மொழியில் யாராவது தன்னைத் திட்ட வேண்டும். ஜூனிலிருந்து அவள் வீட்டில் சத்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

உள்ளே போய், எல்லாம் தன்னுடைய வேலைதான் என்றாள். ரோகிதேஷ் தலையை ஆட்டினான். பெட்ரோல் கழிவை அழித்துவிட்டான். அதைக் கேட்டால் தேதிகளை யாராவது பார்ப்பார்கள். பிறகு படித்துக்காட்டியே ஆக வேண்டிய வாசகங்களை வேகமாகப் படித்தான். இதில் உள்ளதெல்லாம் உண்மை, முழுமையானது, எதையும் மறைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற லெசியெலி கண்ணாடித் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டாள். விரல் நுனி சுருங்கியிருந்ததால் முதல் தடவை பதியவில்லை. துடைத்துவிட்டு இன்னொரு தடவை போட்டாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இருநூற்றைம்பது டாலர், இரண்டு வருஷத்துக்கு என்று தவணை ஏற்பாடாயிற்று. அதைச் சலவைக்கூடச் சம்பளத்திலிருந்து எடுக்க முடியாது. அவள் டேரனைக் கூப்பிட்டு வார நாட்களில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அதே மால், இப்போது மாலை நேரத்துக்கு ஆள் வேண்டும், மூன்றிலிருந்து ஒன்பது வரை என்றான். போன வருஷம் நன்றாகச் செய்தாய், அதனால் உனக்கே தருகிறேன் என்றும் சொன்னான்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலையில் லவினியா போன் செய்தாள். அழுகை முடிந்தபிறகுதான் கூப்பிட்டிருந்தாள் போலிருக்கிறது, குரல் வறண்டிருந்தது. விசா கிடைக்கவில்லை. வந்தால் திரும்பிப் போவார் என்று நம்புவதற்குப் போதிய காரணம் இல்லை என்று எழுதியிருக்கிறார்களாம். போன தடவை ஒன்பது நாள் முன்னாடியே திரும்பினேனே, அதை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டாள். லெசியெலிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

அதே வாரம் வரித்துறையிலிருந்தும் கடிதம் வந்தது. சென்ற ஆண்டு சொந்தத் தொழிலில் நாற்பதாயிரம் டாலர் ஈட்டியிருப்பதால், இந்த ஆண்டும் அதே அளவு உழைப்பும் வருமானமும் இருக்கும் என்று கொண்டு, அதற்கான வரியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை முன்கூட்டியே செலுத்த வேண்டும். முதல் தவணை பிப்ரவரி இருபத்தெட்டு. மாற்ற முடியுமா என்று கேட்க ரோகிதேஷின் கடைக்குப் போனாள். ஜனவரி பத்து வரை விடுமுறை என்று கதவில் ஒட்டியிருந்தது. அங்கிருந்து மாலுக்குப் போய் மூன்று மணிப் பதிவேட்டில் பெயர் எழுதினாள்.

ஐந்து மணி வாக்கில் துப்புரவு மேற்பார்வையாளர் ஸ்லாவ்கோ வந்தார். ஏழு கட்டிடங்களுக்கு அவர்தான், வாரத்துக்கு ஒரு கட்டிடத்தில் அரை மணி நேரம் தலையைக் காட்டுவார். லெசியெலியை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. போன வருஷம் அவர் பார்த்ததெல்லாம் லவினியாவை. கிறிஸ்துமஸ் கூட்டம், பெண்கள் கழிப்பறை வாசலில் பைகளோடு வரிசை நின்றது. இரண்டாவது மாடியை அவள் இன்னும் தொடக்கூட இல்லை என்று பார்த்துவிட்டுக் கீழே வந்தார். அவள் கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்துக்கொண்டார்.

"என்ன லெசியெலி, போன வருஷம் காலைல வந்தப்ப ரெண்டு மணி நேரத்துல ரெண்டு மாடி முடிச்சிருப்ப. இப்ப இங்கேயே நிக்கிற?"

காலையிலிருந்து நிற்கிற கால் என்று அவள் சொல்லவில்லை. முடித்துவிடுகிறேன் என்றாள்.

"வேகமும் போச்சு, பாட்டும் போச்சு" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "வாளியைத் தள்ளிக்கிட்டே பாடுவியே. நான் லிப்டைப் பிடிச்சு வெச்சிக்கிட்டு நின்னு கேப்பேன்."

லவினியா இங்கே பாடினாள் என்பது லெசியெலிக்குத் தெரியாது. வீட்டில் அத்தனை மாதத்தில் அவள் ஒரு நாளும் பாடியதில்லை. வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். லெசியெலி வாளியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன பாட்டு அது?" என்று கேட்டாள்.

"என்னையக் கேக்குறியா? பாடினவ நீதான?"

வரிசையில் நின்றவர்கள் இவர்கள் பேசி முடிக்கக் காத்திருந்தார்கள்.

"ஆமா" என்றாள் லெசியெலி. "நான்தான்."