எட்டுப் பேருக்கும் கேட்ட உறுமல்

இதய வால்வைப் பற்றிப் பாடமோ தேர்வோ நடத்தும் நாளில் பேராசிரியரின் முதுகு வழக்கத்தைவிடச் சற்று நிமிர்ந்திருக்கும். அன்று அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வார்டுத் தேர்வுக்கு வந்து நின்ற எட்டு மாணவர்களில் ஒருவன் அவருடைய தம்பி மகன். தாத்தா, அப்பா, தான் என்று மூன்று தலைமுறை டாக்டர் குடும்பம், நான்காவது இவன். அவர் 'தகுதி' என்று எழுதினால்தான் இறுதித் தேர்வுக்குப் போக முடியும்.

ஜன்னலோரக் கட்டிலில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். கழுத்துவரை பொத்தான் போட்ட ஆஸ்பத்திரிச் சட்டை. இதயத்தின் இடப்பக்க வால்வான மைட்ரல் வால்வு சுருங்கிப்போய்ப் பல வருடம் இங்கே வந்து போனவள். சுருங்கிய அந்த வழியில் ரத்தம் நெருக்கியடித்துப் போகும்போது எழும் தாழ்ந்த உறுமல் அவள் நெஞ்சில் அத்தனை தெளிவாகக் கேட்கும். 'தையல்காரம்மான்னா மைட்ரல் சுருக்கம், கண்ண மூடிட்டுச் சொல்லு' என்று மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு ஓதிவிடுவது பேராசிரியருக்குத் தெரியும். போன வருடம் அந்த வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தியது மாணவர்களுக்குத் தெரியாது. இப்போது ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையின் அளவைச் சரிபார்க்கத்தான் வந்திருந்தாள்.

ஒவ்வொருவராக வந்து ஸ்டெதஸ்கோப்பைச் சட்டைமேலேயே வைத்தார்கள், தபாலில் முத்திரை குத்துவதுபோல. ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லு" என்றார் பேராசிரியர், தம்பி மகனைப் பார்த்து.

"மைட்ரல் சுருக்கம் சார். இதயம் விரியுற நேரத்துல, இடது பக்கம் கீழ, தாழ்ந்த உறுமல்."

தங்குதடையில்லாத பதில். தவறு என்று தெரிந்தும், அந்தக் கணீர்க் குரலைக் கேட்டு அவர் மனம் ஒரு நொடி பூரித்தது. அடுத்த நொடியே அந்தப் பூரிப்பு வாயில் கசந்தது.

"மத்தவங்களுக்கு?"

"கேட்டுது சார்." "எனக்கும் சார்." "ரொம்பத் தெளிவா இருந்துது சார்."

ஒரு ஆடு பள்ளத்தில் குதித்தால் மந்தையே குதிக்கும். இங்கே குதித்ததோடு நில்லாமல், பள்ளம் அருமையாக இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

பேராசிரியர் போய் மின்விசிறியை நிறுத்தினார். "யாரும் மூச்சுக் காட்டாதீங்க."

அறை அடங்கியது. டிக். டிக். டிக். ஸ்டெதஸ்கோப் இல்லாமலே, தையல்காரம்மாவின் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய உலோகச் சொடுக்கு கேட்டது. ஏழு தலைகள் தரையைப் பார்த்தன. தம்பி மகனின் தலை மட்டும் தாழவில்லை.

"அந்தச் சொடுக்கும் கேட்டுது சார். அதுக்கு அடியில உறுமலும் இருக்கு."

தெரியாது என்பது நோய், மருந்து உண்டு. பிடிபட்ட பிறகும் நாக்கூசாமல் இன்னொரு பொய்யை அடுக்குவது அழுகல்.

"அம்மா, மேல் பொத்தான் ரெண்டைக் கழட்டலாமா?"

தையல்காரம்மா தலையசைத்துத் தானே கழற்றினாள். நெஞ்சின் நடுவே நீண்ட தழும்பின் மேல்முனை தெரிந்தது.

"பழைய வால்வை எடுத்து எறிஞ்சு ஒரு வருஷமாச்சு. இல்லாத வால்வு உறுமுச்சாம், எட்டுப் பேருக்கும் கேட்டுச்சாம். யார் காதுல பூ சுத்துறீங்க? நாளைக்கு ஒருத்தர் மூச்சுத் திணறி வந்தாலும் பக்கத்துல நிக்கறவன் வாயைப் பார்த்துத்தான் சொல்வீங்களா?"

பெயர்ப் பட்டியலில் எட்டுப் பேருக்கும் 'தகுதியில்லை' என்று எழுதினார். தம்பி மகனுக்குத்தான் முதலில்.

வராந்தாவில் அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"பெரியப்பா! எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க? நான் மட்டும் என்ன..."

"இங்க நான் உனக்கு சார்."

"அப்பா கேட்டா என்ன சொல்றது? நம்ம வீட்டுல யாரும் ஃபெயில் ஆனதே இல்லைன்னு நீங்கதானே பெருமையாச் சொல்வீங்க? குடும்ப மானம் போயிடும் பெரியப்பா."

"ஃபெயிலானா மானம் போகாதுடா. ரெண்டாவது தடவையும் பொய் சொன்னே பாரு, அப்பவே போயிடுச்சு. உங்கப்பனை எனக்குப் போன் பண்ணச் சொல்லு. அவனுக்கும் இதையேதான் சொல்வேன்."

பேராசிரியர் திரும்பிப் பார்க்காமல் வார்டுக்குள் போனார். தையல்காரம்மா பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி நின்னு பேசுச்சே, அந்தப் பிள்ளை உங்க சொந்தமா ஐயா? மூக்கு உங்களை மாதிரியே இருக்கு."

இல்லை என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது!

"என் தம்பி மகன்மா" என்றார்.

"ஓ" என்றாள் அவள். சட்டை மடிப்பை நீவிவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எட்டுப் பேர் வந்தாங்க. ஒருத்தராவது 'உங்களுக்கு என்னம்மா'ன்னு கேட்டிருந்தா, நானே சொல்லியிருப்பேனே ஐயா."