பிடுங்கிய நல்ல பல்

அவள் பல் மருத்துவரானது போன வருஷம்தான். மூன்று நாற்காலிகள் போட்ட கிளினிக்கில் பெரிய டாக்டருக்குக் கீழே வேலை. வாசல் நிறையக் கூட்டம் இருந்த ஒரு காலையில், கடைவாய்ப் பல் சொத்தை என்று வந்த தையல்காரம்மாவுக்கு மரத்துப்போக ஊசி போட்டாள். எக்ஸ்ரேயை இன்னொரு தடவை பார்க்காமல் குறடை வைத்தாள். பல் வெளியே வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. ஒரு புள்ளிகூட இல்லாத நல்ல பல். சொத்தை பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

சட்டென்று பஞ்சைப் போட்டு அதை மூடினாள். வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

“இதுவும் உள்ளுக்குள்ள கெட்டுப் போயிருந்துச்சும்மா. பக்கத்துப் பல்லையும் எடுத்துடலாம்.”

தையல்காரம்மா தலையாட்டினார். சொத்தைப் பல்லையும் எடுத்தாள். போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லவேளை நீங்க பார்த்தீங்க டாக்டர்,” என்று மரத்த வாயோடு குழறினார்.

அதே வாரம் அவள் படித்த கல்லூரியிலிருந்து ஒரு படிவம் வந்தது. புதிதாக வேலைக்குப் போனவர்களுக்குத் தொழிலில் எவ்வளவு திருப்தி என்று கேட்டிருந்தார்கள். ‘மிகவும் திருப்தி’ என்பதில் டிக் அடித்து அப்பாவிடமும் காட்டினாள். அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

மறந்து தொலைக்கலாம் என்றால் தையல்காரம்மா விடவில்லை. முதலில் வீட்டுக்காரரை அனுப்பினார். அப்புறம் தன்னிடம் பட்டன் கட்டும் பெண்ணை. ஒரு மாதம் கழித்து நாத்தனாரைத் தானே கூட்டிக்கொண்டு வந்தார்.

“எனக்கே தெரியாத சொத்தையைக் கண்டுபிடிச்சவங்க இவங்கதான்,” என்றார். நாத்தனார் நாற்காலியில் சாய்ந்து, நம்பி வாயைத் திறந்தார்.

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

“அம்மா, அன்னைக்கு நான் முதல்ல எடுத்தது நல்ல பல். தப்பா எடுத்துட்டு உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

தையல்காரம்மாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும், கன்னத்துக்குள் நாக்கு அந்த இடத்தைத் தேடிப் போனது.

“வெட்டு தப்பாப் போனா எனக்கும் கைகால் உதறும்,” என்றார். “ஆனா பழியைத் துணி மேல போட்டதில்ல.”

நாத்தனாரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “தப்பான பல்லை எடுத்த முதல் ஆள் நீ இல்ல. மறைச்சியே, அதுதான் எனக்குத் தாங்கல,” என்றார். அவரே தையல்காரம்மாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார், புதுப்பல் கட்டித் தருவதாகவும் சொன்னார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் அவர் சம்மதித்தார், அந்தப் பொண்ணு கை படக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பல் கட்டிய நாளில் அவள் ஓரமாக நின்று, பெரிய டாக்டர் கேட்ட கருவிகளை எடுத்துக் கொடுத்தாள். தையல்காரம்மா கடைசிவரை அவள் பக்கம் திரும்பவில்லை. வாய் கொப்பளித்து, பெரிய டாக்டருக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் ஒரு லாரி டிரைவர். முகத்தில் ஏறிய சூடு இன்னும் ஆறாமலே அவள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“எந்தப் பல்லுன்னு நீங்களே விரல் வச்சுக் காட்டுங்கண்ணா,” என்றாள்.

அவர் காட்டினார். இன்னொரு தடவை காட்டச் சொன்னாள்.